வெயிலடித்தால் திறக்கும் கதவு

அத்தியாயம் 5

"மேடம், பலாப்பழம் அம்மிக்கல்லா மாறின கேஸை இதுக்கு முன்னாடி எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ஸ்கூட்டரை வேப்பமர நிழலில் நிறுத்திக்கொண்டே சசிகுமார் கேட்டான். கேட்ட வாயில் ஒரு பலாச்சுளை. அவன் வாய் சும்மா இருந்த நேரம் என்று ஒன்று உண்டா என்பது தனிக் கேஸ். அவன் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கிருஷ்ணப்ரியா டீச்சர் இன்று காலை தெருவுக்கே கிண்ணம் கிண்ணமாகச் சுளை கொடுத்திருந்தாள். மற்றவர்கள் கிண்ணத்தோடு திருப்தியடைந்தார்கள். சசிகுமார் டிபன் பாக்ஸை நீட்டியிருந்தான்.

"முழுங்கிட்டுப் பேசு. அப்புறம் விக்கல் எடுத்தா நான்தான் முதுகுல தட்டணும்," என்றாள் அருள்மொழி.

அருள்மொழி மெயின் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அதற்கு முன்னால் பத்து வருஷம் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. கணவருக்கு மைன்ஸில் வேலை கிடைத்ததும் மூட்டை கட்டிக்கொண்டு நெய்வேலி வந்து சேர்ந்தாள். சசிகுமார் அவளுடைய ஒரே உதவியாளன். முப்பத்து நான்கு வயது. படித்தது எலெக்ட்ரீஷியன், வாசித்தது கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ், வந்து மாட்டிக்கொண்டது இங்கே.

இன்றைக்கு அவர்களை அழைத்தது செம்மண் தோட்டக் கழகம். நகரியத்தில் தோட்டம் போடும் ஆசாமிகள் வருஷா வருஷம் நடத்தும் கண்காட்சி. ரோஜா, மல்லி, கத்தரிக்காய் எல்லாம் ஒப்புக்கு. ஊரே திரள்வது எடை அதிகமான பலாப்பழம் யாருடையது என்று பார்க்கத்தான். இதில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. யார் பழம் எவ்வளவு பெரிசு என்று எதிராளிக்குத் தெரியக் கூடாது. அதனால் வைக்கோல் வைத்துச் சாக்கில் சுற்றி, வாயைத் தைத்துத்தான் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்து கொடுப்பார்கள். பெயர் அட்டை கட்டிக் குளிர் அறையில் அடுக்கிப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேடையில்தான் சாக்கைப் பிரிக்க வேண்டும்.

இன்று காலை பிரித்தார்கள். கழகச் செயலாளர் ராஜ்மோகனின் சாக்கிலிருந்து பழம் வரவில்லை. அம்மிக்கல் வந்தது.

ராஜ்மோகன் என்ன செய்தார்? மைக்கைப் பிடித்தார். "குளிர் அறைச் சாவி வாட்ச்மேன் தனகோட்டிகிட்ட மட்டும்தான் இருக்கு. தனகோட்டி திருடிட்டான்!" என்று நகரியத்தின் பாதிப் பேருக்குக் கேட்கும்படி அறிவித்தார்.

அறை வாசலில் தனகோட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு கமிட்டி மெம்பர்கள் காவல். அருள்மொழியைப் பார்த்ததும் எழுந்து கை கூப்பினார்.

"நான் எடுக்கலீங்கம்மா. நேத்து காலையில கமிட்டிக்காரங்க பூ வெச்சாங்க, பூட்டுனேன். அப்பால அந்தக் கதவ நான் தொறக்கவே இல்லீங்க. நேத்து மத்தியானம் பூரா இதே மரத்துக்குக் கீழதான் குந்திகினு இருந்தேன். எத்தினியோ வருசம் கான்ட்ராக்ட்ல ஓட்டிட்டேன், இப்பதான் பர்மனென்ட் ஆகப் போற நேரம். ஸ்டேசன்ல பேரு எழுதிட்டாங்கன்னா எல்லாம் போச்சுங்க." பந்தல் பக்கம் கையைக் காட்டினார். "அதகூட வுடுங்க. எம் சம்சாரம் சரிதா அந்தாண்ட பந்தல்ல குந்திகினு இருக்குது. மைக்குல அத்தனையும் கேட்டுச்சு."

சசிகுமார் எடுத்த சுளையை மறுபடி டிபன் பாக்ஸிலேயே வைத்து மூடினான்.

"சீஃப் கெஸ்ட் நாலு மணிக்கு வர்றார்," என்று சொல்லிக்கொண்டே ராஜ்மோகன் வந்தார். நெற்றியில் வேர்வை, கழுத்தில் வாலண்டியர் அட்டை. "அவர் வந்ததும் போலீஸுக்குப் போன் போடறேன். அதுக்குள்ள பழம் எங்க வித்தான்னு நீங்க கண்டுபிடிச்சாகணும். என் மாமனார் தோப்புப் பழம்! பண்ருட்டியிலேர்ந்து நானே பைக்ல கட்டிக் கொண்டுவந்தது!"

பேசிக்கொண்டே வந்தவர் மூக்கைச் சுளித்தார். "என்னய்யா வாசனை?"

"எதிர்வீட்டு டீச்சர் கொடுத்தது சார்," என்று சசிகுமார் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினான். "நீங்க அதே வீட்டுல எட்டு வருஷம் இருந்தீங்க. ஒரு மாங்கொட்டையாவது எங்க வீட்டுக்குக் கொடுத்தீங்களா?"

ராஜ்மோகன் முறைத்தார். முறைத்தபடியே இரண்டு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சப்புனு இருக்கு. இதெல்லாம் ஒரு பழமா? என் பழத்துல ஒரு சுளை தின்னா மூணு நாளைக்கு நாக்குல நிக்கும்."

"ருசி பாத்தாச்சுல்ல, வாங்க உள்ள போவோம்," என்றாள் அருள்மொழி.

குளிர் அறைக்குள் போனதும் சசிகுமாருக்கு வெளியே வரவே மனமில்லை. அப்படி ஒரு ஜில்லிப்பு. ஒரு மூலையில் அம்மிக்கல் வைக்கோல் மெத்தையில் சொகுசாகப் படுத்திருந்தது. அருகே குழவி. "அம்மா, புள்ளை ரெண்டு பேரும் நலம்," என்றான் சசிகுமார்.

அருள்மொழி கல்லைப் பார்த்ததோடு சரி. நேராகப் பூத் தட்டுகளிடம் போனாள். நேற்றுக் காலையே வைத்த மல்லியும் ரோஜாவும். ஒரு ரோஜாவை மெல்லத் தொட்டுப் பார்த்தாள். இதழ் விறைப்பாக நின்றது.

"கதவு திறந்ததுக்கு என்ன சாட்சி?" என்றாள்.

"கம்ப்யூட்டரே சாட்சி!" ராஜ்மோகன் உற்சாகமாகிவிட்டார். "டேய் பிரவின், அதைக் காட்டு."

பிரவின்குமார் லேப்டாப்போடு வந்தான். இன்ஜினீயரிங் முடித்தவன், கழகத்துக்காக இலவசமாக ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தவன். குளிர் அறைச் சுவரில் ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்கிறது. அது சொல்வதையெல்லாம் வாங்கித் திரையில் காட்டுவது அவன் ப்ரோகிராமின் வேலை. நேற்று உச்சி வெயில் ஏறியதிலிருந்து சாயங்காலம் வரைக்கும் திரையில் ஒரே சிவப்புக் கோடு. 'கதவு திறந்திருக்கிறது.'

"பாத்தீங்களா? எல்லாரும் சாப்பிடப் போன நேரம். இவன் மட்டும்தான் இங்க இருந்தான்."

"நல்ல திருடன் சார்," என்றாள் அருள்மொழி. "ஒரு பழத்தை எடுக்க மத்தியானம் பூரா கதவைத் திறந்தே வெச்சிருக்கார். வெளில நெய்வேலி வெயில். உள்ள இந்த மல்லி என்னடான்னா இப்பதான் பறிச்ச மாதிரி சிரிக்குது. எப்படி?"

ராஜ்மோகன் மல்லித் தட்டைக் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் வெளில வாங்க. கதவைப் பூட்டுங்க. தனகோட்டிகிட்ட வாங்கின சாவி உங்க சட்டைப் பையிலயே இருக்கட்டும், ராஜ்மோகன் சார்."

பூட்டினார்கள். ராஜ்மோகன் இரண்டு தடவை இழுத்தும் பார்த்தார். அருள்மொழி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். 'கதவு திறந்திருக்கிறது.'

"மெதுவா மாறும் மேடம்," என்றான் பிரவின்குமார்.

காத்திருந்தார்கள். மாறவில்லை. பூட்டிய கதவும், திறந்த கதவு என்று சாதிக்கும் திரையும் எதிரும் புதிருமாக நின்றன.

"தனகோட்டி அண்ணே, நேத்து மத்தியானம் உள்ளேர்ந்து எதுனா சத்தம் கேட்டுச்சா?"

"ஃபேன் சத்தம்தாங்க. வெயிலு ஏறுச்சுன்னா உள்ள ஃபேனு தானா ஓட ஆரம்பிச்சிடும். பொழுது சாயற வரைக்கும் ஓடிகினே இருக்கும்."

அருள்மொழியின் கண்ணில் ஒரு மின்னல் வெட்டியதை சசிகுமார் பார்த்தான். அந்த மின்னல் வந்துவிட்டால் அன்றைக்குச் சம்பளம் உறுதி.

"சசி, சுவிட்ச் பெட்டி உனக்குப் பக்கத்துலதான் இருக்கு. ஃபேனை நிறுத்து."

நிறுத்தினான். திரை பச்சையானது. 'கதவு மூடியிருக்கிறது.'

"போடு."

சிவப்பு. திறந்திருக்கிறது.

"மறுபடி நிறுத்து. இப்ப லைட்டைப் போடு."

சிவப்பு! சசிகுமாருக்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரம்ஸ்காரன் துள்ளி எழுந்துவிட்டான். தகதிமி தகஜுணு என்று லைட் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தான். பூட்டிய கதவு திரையில் திறந்து மூடி, திறந்து மூடி ஆட்டம் போட்டது. காவலுக்கு நின்ற கமிட்டி மெம்பர் ஒருவர் தன்னை மறந்து தாளம் போட்டார். தனகோட்டி மட்டும் சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரைத் திருடன் என்று சொன்ன திரையல்லவா அது!

"போதும்டா, பல்பு போயிடும்," என்றாள் அருள்மொழி. "பிரவின், கண்ட்ரோல் பெட்டியோட ப்ரோகிராம் சி மொழியில எழுதினதா? உன்னோடது சி ஷார்ப் மொழியா?"

"ஆமா மேடம். ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கேன். பெட்டி அனுப்பற ஸ்ட்ரக்ட்ல முதல்ல கதவு, அப்புறம் ஃபேன், லைட், அலாரம் மணி. நாலும் ஆமா-இல்லை சமாச்சாரம். கடைசியா டெம்பரேச்சர். என் பக்கமும் அதே வரிசை, அதே பேரு. ஒரு எழுத்துகூட மாறல."

"ஸ்ட்ரக்ட்னா?" என்றான் சசிகுமார்.

"நாலஞ்சு தகவலை ஒண்ணா அடுக்கிக் கட்டின மூட்டை," என்றாள் அருள்மொழி. "பிரவின், உன் திரையில கதவு மட்டும்தானே தெரியுது. ஃபேனையும் டெம்பரேச்சரையும் ஏன் காணோம்?"

பிரவின்குமார் தலையைச் சொறிந்தான். "ஃபேன் எப்பப் பாத்தாலும் ஓடுதுன்னே காட்டுச்சு மேடம். சென்ஸார் கோளாறுன்னு அதைத் தூக்கிட்டேன். டெம்பரேச்சர் பூஜ்யம்னு காட்டுச்சு. அதையும் தூக்கிட்டேன். கதவு மட்டும் சரியா வந்துச்சு. திறந்தேன், திறந்துச்சுன்னு காட்டுச்சு. மூடினேன், மூடிச்சுன்னு காட்டுச்சு."

"எப்ப டெஸ்ட் பண்ணின?"

"காலையில. ஜில்லுனு இருந்த நேரம்."

"அதாவது ஃபேன் ஓடாத நேரம், லைட் போடாத நேரம். சுபம்!" அருள்மொழி கை தட்டிச் சிரித்தாள். "சசி, உங்க தெருவுல நாலு வீடு ஒட்டி ஒட்டி இருக்குன்னு வெச்சுக்கோ. முதல் வீடு கதவு, ரெண்டாவது ஃபேன், மூணாவது லைட், நாலாவது மணி, அதுக்கும் அந்தப் பக்கம் டெம்பரேச்சர். சி-யில ஆமா-இல்லைக்கு ஒரே ஒரு வீடுதான், அதாவது ஒரு பைட். வீட்டுல ஆள் இருந்தா ஆமா, இல்லைன்னா இல்லை. சி ஷார்ப்புல அப்படி நேராப் போய்க் கதவைத் தட்ட முடியாது. நடுவுல ஒரு மேனேஜர் உண்டு. அந்தப் பக்கத்து மூட்டையைப் பிரிச்சு இந்தப் பக்கம் அடுக்கறது அவரோட வேலை. நாம வேற எதுவும் சொல்லலைன்னா, ஆமா-இல்லைக்கு நாலு வீடு அளவுன்னு அவரா எடுத்துப்பார்."

"அடப்பாவி மேனேஜரே!" என்றான் சசிகுமார். "முதல் வீட்டுல ஆள் இருக்கான்னு பாத்துட்டு வாய்யான்னா, நாலு வீட்டையும் ஒரே வீடுன்னு நினைச்சுக்குவாரா?"

"அதேதான். ஃபேன் வீட்டுல ஆள் இருந்தாலும் கதவு வீட்டுல ஆள் இருக்குன்னு எழுதிடுவார். முதல் கேள்விக்கே நாலு வீடும் தீர்ந்துபோச்சா? அடுத்தது ஃபேன். அதுக்கு டெம்பரேச்சர் வீட்டுக்குள்ள நுழைஞ்சிடுவார். அங்க எப்பவும் ஏதோ ஒரு எண் இருக்குமே, அதனால ஃபேன் சதா ஓடற மாதிரி தெரியும். டெம்பரேச்சரைத் தேடும்போது தெருவே முடிஞ்சிருக்கும். வெறும் பொட்டல். பூஜ்யம்."

பிரவின்குமாரின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பாவம், அவனும் நல்ல பையன்தான். "வரிசையும் பேரும் சரியா இருந்தா போதும்னு நினைச்சேன் மேடம். அளவைப் பாக்கல." சொல்லிக்கொண்டே தட்டினான். நான்கு ஆமா-இல்லைகளின் தலையிலும் 'இது ஒரே பைட்' என்று ஒரு குறிப்பு. தூக்கி எறிந்த ஃபேனையும் டெம்பரேச்சரையும் மறுபடி திரையில் கொண்டுவந்து ஓட்டினான்.

கதவு மூடியிருக்கிறது. ஃபேன் ஓடவில்லை. டெம்பரேச்சர் பத்தொன்பது. சசிகுமார் ஃபேனைப் போட்டான். ஃபேன் ஓடுகிறது என்று வந்தது. கதவு அசையாமல் மூடியே இருந்தது.

தனகோட்டி தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"சரி, கதவு திறக்கல. ஒத்துக்கறேன்," என்றார் ராஜ்மோகன். ஒத்துக்கொள்கிற குரலா அது? "அப்போ என் பழம் எப்படிக் கல்லாச்சு? மந்திரமா?"

"கதவு திறக்கலைன்னா உள்ள எதுவும் மாறல. அதாவது, உள்ள போனதே கல்லுதான்," என்றாள் அருள்மொழி. "சாக்கை இங்க யார் கொண்டுவந்தா?"

"நம்ம சுபாஷ் ஆட்டோ. வெள்ளிக்கிழமை தோப்புலயே நானே சாக்கைத் தைச்சு, கொண்டுவந்து என் வீட்டு வராண்டாவுல என் கையால வெச்சேன். சீஃப் கெஸ்ட் விஷயமா போன் வந்துச்சு, அப்படியே கழகத்துக்கு ஓடினேன். வீட்டு வராண்டாவுல சாக்கு இருக்கு, எடுத்துட்டு வந்துடுன்னு சுபாஷுக்குச் சொன்னேன்."

"உங்க வீட்டம்மாவுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

காந்திமதி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். அருள்மொழி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அம்மா, உங்க வீட்டு அம்மிக்கல் எங்க?"

"அட, உங்களுக்கு யாரு சொன்னது?" காந்திமதியின் குரல் மைக்கில்லாமலே மைதானம் முழுக்கக் கேட்டது. "போன வாரம் வீடு மாறினோம்ல, வைக்கோல் வெச்சு சாக்குல தைச்சு அனுப்பினாங்க. தூக்க ஆளில்லாம புது வீட்டு வராண்டாவுலயே கிடந்துச்சு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து காணும்! இந்த மனுஷன்கிட்ட நாலு தடவை சொல்லிட்டேன். பலாப்பழம் பலாப்பழம்னு அலையறாரே தவிர காதுல வாங்குனாதானே!"

ராஜ்மோகன் ஸ்பீக்கரை அணைக்கத் தடவினார். அணையவில்லை.

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சுபாஷே வந்துவிட்டான். "ஆமா மேடம், நான்தான் எடுத்துகினு வந்தேன். பொணம் கனம் கனத்துச்சு. இந்தத் தடவையும் சாருக்குத்தான் கப்புன்னு நினைச்சேன்."

"எந்த வீட்டுலேர்ந்து எடுத்தீங்க?"

"புது வூட்லேர்ந்துதான். சாமான் ஏத்திகினு போனவனே நான்தானே, எனக்குத் தெரியாதா?"

"நீங்க எந்த வீட்டுல வெச்சீங்க சார்?" அருள்மொழி மெதுவாகக் கேட்டாள்.

"என் வீட்டு…" ராஜ்மோகன் பாதியில் நின்றார். நெய்வேலியில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். ஒரே அச்சில் வார்த்த வீடுகள். அதே கேட், அதே வராண்டா, அதே நம்பர், தெரு மட்டும் வேறு. புது குவார்ட்டர்ஸுக்கு மாறிய முதல் பத்து நாள் பழைய வீட்டு வாசலில் போய் நின்று செருப்பைக் கழற்றாதவர் யாராவது உண்டா? ராஜ்மோகன் தலையில் கை வைத்துக்கொண்டார். "பண்ருட்டியிலேர்ந்து வெயில்ல வந்தேன். பைக் அதுபாட்டுக்கு… ஐயோ, பழைய தெருவுக்குத் திரும்பிடுச்சு போலிருக்கே!"

"பேரும் நம்பரும் சரியா இருந்துச்சு, இடம்தான் தப்பு. பிரவினோட மேனேஜர் மாதிரியே நீங்களும்," என்றாள் அருள்மொழி. பிறகு சசிகுமார் பக்கம் திரும்பினாள். "அந்த டிபன் பாக்ஸை மூடு. அது எவிடன்ஸ்."

சசிகுமாரின் கன்னத்துக்குள் பாதிச் சுளை அப்படியே நின்றது. எதிர்வீடு. ராஜ்மோகனின் பழைய வீடு. டீச்சர் குடிவந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

"மேடம்… சாவி போட வந்தப்ப வராண்டாவுல சாக்குல ஒரு பழம் இருந்துச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. 'நெய்வேலியில புதுசா வர்றவங்களை இப்படித்தான் வரவேற்பீங்களா'ன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்க, இது எங்க ஊர் வழக்கம்னு சொன்னேன். அதனாலதான் அவங்க தெருவுக்கே…"

ராஜ்மோகன் டிபன் பாக்ஸையே பார்த்தார். நாக்கால் மேல் உதட்டைத் தடவினார். தன் மாமனார் தோப்புப் பழத்தைத் தன் வாயாலேயே தின்று, தன் வாயாலேயே சப்பென்று சொன்னவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். சுபாஷ் முதலில் சிரித்தான். அப்புறம் கமிட்டி மெம்பர்கள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ராஜ்மோகன் தனகோட்டி பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். "தனகோட்டி, தப்பு நடந்துபோச்சு. மனசுல வெச்சுக்காத."

தனகோட்டி சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு வருகிற நிலைமையா? "இப்புடிக் காதுல சொல்லாதீங்க சார். திருடன்னு மைக்குல சொன்னீங்க. எம் சம்சாரம் கேட்டுச்சு. ஊரே கேட்டுச்சு. இதையும் மைக்குலயே சொல்லுங்க."

ராஜ்மோகன் பந்தலைப் பார்த்தார். தூரத்தில் சீஃப் கெஸ்டின் கார் திரும்பிக்கொண்டிருந்தது. எப்படியாவது தப்பிக்கப் பார்ப்பார் என்றுதான் சசிகுமார் நினைத்தான். ஆனால் மனுஷன் வாலண்டியர் அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேராக மேடை ஏறினார்.

"பொதுமக்களுக்கு ஒரு அறிவிப்பு. காலையில நான் தனகோட்டியைத் திருடன்னு சொன்னேன். அது பொய். அவர் அந்தக் கதவைத் திறக்கவே இல்லை. பழத்தைத் தப்பான வீட்டுல வெச்சது நான். அம்மிக்கல் என்னோடது. தனகோட்டி, இத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேக்கறேன்." இறங்கப் போனவர் மைக்குக்கே திரும்பி வந்தார். "அந்தப் பழத்துல ரெண்டு சுளையை நானும் தின்னுட்டேன்."

பந்தல் குலுங்கியது. பெண்கள் வரிசையில் இவ்வளவு நேரமாகத் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்த சரிதா எழுந்து நின்றாள். யார் என்ன நினைப்பார்கள் என்று பார்க்கவில்லை. அத்தனை பேரையும் தாண்டி நேராக நடந்து வந்து புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சசிகுமார் அவர்களிடம் போனான். டிபன் பாக்ஸைத் திறந்து நீட்டினான். தனகோட்டி ஒரு சுளையை எடுத்து இரண்டாகக் கிள்ளி, பெரிய பாதியை சரிதாவிடம் கொடுத்துவிட்டு மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

"சார் பொய் சொல்லிட்டாருங்க. சப்புனுலாம் இல்ல," என்றார். "நல்லாத்தான் இருக்குது."